வானத்தில் வென்றவன் தரையில் தோற்ற கதை



மலர்க் குழுவில் இருக்கும் அண்ணா ஒருவர் தொலைபேசி எடுத்து, "தம்பி, இந்தமுறை சித்திரை மலருக்கு நீயும் ஏதும் எழுத வேணும், வேலை வேலையெண்டு சாட்டுச் சொல்லாதை" என்றார். நான் எழுத்தாளன் அல்ல. ஊரில் ஏ.எல். எடுத்ததோடு படிப்பு முடிந்தது. இப்போது சென் லோரனில் ஒரு தொழிற்சாலையில் பின்னேர வேலை செய்கிறேன். ஆனால் சரித்திரப் புத்தகம் வாசிக்கிற பழக்கம் மட்டும் விட்டுப்போகவில்லை. ஆகவே நாம் வாழும் இந்த மொன்றியல் நகரத்தில் பிறந்த ஒரு போர் விமானியைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் தொழிற்சாலைக்கு மேலால் டோர்வல் விமான நிலையத்துக்குப் போகும் விமானங்கள் பதிந்து பறக்கும். கனடா வந்து இத்தனை வருடமாகியும் அந்தச் சத்தம் கேட்டால் மெசினில் இருக்கும் என் கை ஒரு கணம் நின்றுவிடும். ஊரில் நாங்கள் சத்தத்தை வைத்தே இது சகடை, இது பொம்பர், இது கெலி எண்டு பிரித்துச் சொல்லிப் பழகியவர்கள் அல்லவா! 1995ஆம் ஆண்டு எனக்கு எட்டு வயது. ஒருநாள் பங்கருக்குள் இருக்கும்போது, "அதுக்குள்ளை இருக்கிறவன் எங்களைப் பாக்கிறானோ அம்மா?" எண்டு கேட்டேன். பக்கத்து வீட்டு மாமா, "நாசமாய்ப் போவான்" எண்டு திட்டினார். அம்மா தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தவ, கொஞ்ச நேரம் பொறுத்து, "அவனும் இரவைக்கு எங்கையோ போய்ப் படுக்கத்தானே வேணும்" எண்டா. அவ்வளவுதான் சொன்னவ. அந்தக் கேள்வி எனக்குள்ளே கிடந்தது. அப்படிப்பட்டவன் எப்படிப் படுப்பான்? எப்படி எழும்புவான்?

வேர்டன் பெடியன்

லசாலில் இருக்கும் எங்கட ஆக்களுக்குப் பக்கத்து வேர்டன் பகுதி நன்றாகத் தெரியும். அங்கே பேர்லிங் என்ற பெயரில் ஒரு தெருவும் ஒரு உயர்தரப் பாடசாலையும் இருக்கின்றன. அந்தப் பெயருக்குரியவர்தான் ஜோர்ஜ் பேர்லிங். 1921ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் திகதி வேர்டனில் பிறந்தவர். தகப்பன் சுவீடன் வழிவந்தவர், விளம்பரப் படம் வரையும் தொழில். தாய் ஆங்கிலேயப் பெண். கடுமையான பக்தியுள்ள குடும்பம். பிள்ளை சாகும்வரைக்கும் குடித்ததுமில்லை, புகைத்ததுமில்லை.

சின்ன வயதிலேயே விமானப் பைத்தியம் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்துவிட்டு கார்ட்டியேவில் விமானத் திடலைச் சுற்றிக்கொண்டு திரிவார். அந்தத் திடல் எங்கட சென் லோரன் பகுதியில்தான் இருந்தது. 1988இல் மூடிவிட்டார்கள். இன்று அந்த இடத்தில் புவா பிராங் குடியிருப்பு எழும்பியிருக்கிறது. நான் வேலைக்குப் போகும் பஸ் அந்தப் பக்கத்தால்தான் போகும். படிப்பை இடையில் விட்டு, உழைத்த காசை எல்லாம் பறக்கப் பழகக் கொட்டினார். பதினேழாவது வயதில் தனியாக விமானம் ஓட்டிவிட்டார்.

யுத்தம் தொடங்கியது. கனடிய விமானப் படைக்குப் போய்க் கேட்டார். படிப்புக் காணாது என்று திருப்பி அனுப்பினார்கள். படிப்புக் காணாது, பத்திரம் காணாது எண்டு கதவடைக்கப்பட்ட அனுபவம் எங்களில் கனபேருக்கு உண்டு, ஆகவே இந்த இடத்தில் எனக்கு அவரில் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. 1940இல் ஒரு சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, நீர்மூழ்கிகள் காத்திருந்த அத்திலாந்திக் கடலைக் கடந்து பிரித்தானியாவுக்குப் போனார். அங்கே பிரித்தானிய விமானப் படையினர் பிறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள். அது வேர்டனில், வீட்டில்! திரும்பக் கடல் கடந்து வந்து, அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனார். கொழும்பில் பாஸ்போட்டுக்கு அலைந்த எங்களுக்கு இதைக் கேட்டுச் சிரிப்பும் வரும், கவலையும் வரும்.

மால்டாத் தீவில் நாலு மாதம்

1942 ஜூன் மாதம் ஈகிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஸ்பிட்பயர் விமானத்தை ஓட்டிக்கொண்டு மால்டாவில் போய் இறங்கினார். மால்டா மத்தியதரைக் கடலில் இருக்கும் சின்னத் தீவு. எங்கட யாழ்ப்பாணக் குடாநாட்டைவிடச் சிறியது. சிசிலியிலிருந்து இத்தாலிய, ஜேர்மன் விமானங்கள் இரவு பகலாக வந்து குண்டு போட்டன. சனம் பாறையைக் குடைந்து நிலத்துக்குக் கீழே வாழ்ந்தது. கப்பல் வராததால் சாப்பாடு இல்லை, எண்ணெய் இல்லை. யுத்தம் முடியும்வரை அந்தத் தீவில் ஏறக்குறைய 1500 பொதுமக்கள் குண்டுவீச்சில் இறந்தார்கள். பொருளாதாரத் தடை, பங்கர், பட்டினி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

விமானிகளுக்கும் சாப்பாடு காணாது. வயிற்றோட்டம். ஆனாலும் நாளுக்குப் பலமுறை மேலே ஏற வேண்டும். பேர்லிங் ஓய்வு நேரத்தில் கைத்துப்பாக்கியோடு ஓணான்களைக் குறிபார்த்துக்கொண்டிருப்பாராம். எங்கட ஊர்ப் பெடியள் கல்லெறிகிற அதே ஓணான்தான். தூரத்தில் ஒரு விமானம் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அந்த அளவுக்கு ஓணான் கண்ணுக்குத் தெரியும்போது சுடுவார். ஓடும் இலக்குக்கு எவ்வளவு முன்னால் சுடவேண்டும் என்ற கணக்கு அவருக்கு அத்துப்படி. நாலு மாதத்தில் மால்டா வானத்தில் அவர் கணக்கில் விழுந்த விமானங்கள் 27. யுத்தம் முழுவதிலும் 31. இரண்டாம் உலகப் போரில் கனடியர்களுக்குள் அதிக விமானங்களை வீழ்த்தியவர் அவர்தான். "மால்டாவின் வல்லூறு" என்று பத்திரிகைகள் எழுதின.

இப்போது மற்றப் பக்கத்தையும் பார்ப்போம். 1942 ஜூலை 27ஆம் திகதி ஒரே நாளில் நாலு விமானங்களை அவர் வீழ்த்தினார். அதில் ஒன்றில் இருந்தவர் பூரியோ நிக்லோ டொக்லியோ என்ற இத்தாலியர். 34 வயது. யுத்தத்துக்கு முன்னர் புது விமானங்களைப் பரீட்சித்துப் பார்ப்பவராக இருந்து உலகச் சாதனைகள் வைத்தவர். அவருக்குப் பக்கத்தில் வழமையாகப் பறப்பவர் தாரந்தோலா. முந்தி வாழைப்பழ வியாபாரம் செய்தவர் என்பதால் தன் விமானத்தில் "ஓடு, வாழைப்பழமே!" என்ற கருத்தில் எழுதி வைத்திருந்தவர். பேர்லிங் வருவதைக் கண்ட தாரந்தோலா சிறகை ஆட்டி எச்சரித்தாராம். நிக்லோ அதை வேறு பக்கத்தில் வந்த விமானங்களைப் பற்றி என்று நினைத்துவிட்டார். ஒரு சில கணந்தான். நிக்லோ செத்தார், தாரந்தோலா தப்பினார். இத்தாலி அரசு நிக்லோவுக்கு அதியுயர் தங்கப் பதக்கம் கொடுத்தது. பிரித்தானியா பேர்லிங்குக்குப் பதக்கங்களை அடுக்கியது. அதே நாளில் பேர்லிங்கிடம் சூடுபட்ட இன்னொரு இத்தாலியரான ஜெல்லி, பக்கத்துக் கோசோத் தீவில் விழுந்து உயிரோடு கைதியானார்.

கொல்லுகிறவனுக்கும் சாகிறவனுக்கும் இடையில் ஒரு வாழைப்பழ வியாபாரி, சிறகை ஆட்டிக்கொண்டு! யுத்தம் இப்படித்தான்.

அக்டோபர் 14ஆம் திகதி பேர்லிங்கே சுடப்பட்டார். குதிக்காலில் காயம். பரசூட்டில் கடலில் விழுந்தவரை மீட்டார்கள். ஆள் மெலிந்து எலும்பாகிவிட்டார். வீட்டுக்கு அனுப்பும் வழியில் ஜிப்ரால்டரில் விமானம் கடலில் விழுந்து பலர் இறந்தார்கள். அதிலும் தப்பி, காலில் கட்டோடு நீந்தி வந்தார்.

மாலையும் மேடையும்

1942 நவம்பரில் வேர்டன் ஓடிற்றோரியத்தில் அவரை வரவேற்க ஆயிரக்கணக்கான சனம் திரண்டது. அவருக்கு அப்போது 21 வயதுகூட ஆகவில்லை. பிரதமர் மக்கென்சி கிங் சந்தித்தார். யுத்தக் கடன் பத்திரம் விற்பதற்கு ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு திரிந்தார்கள். அவருக்கு அது பிடிக்கவேயில்லை. மேடையில் ஏறினால் அதிகாரிகள் எதிர்பார்த்ததைச் சொல்லமாட்டார். எதிரி விமானி கடைசிக் கணத்தில் திரும்பித் தன்னைப் பார்த்த முகத்தையும், அடுத்த கணம் அந்த முகத்துக்கு நடந்ததையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அதில் தனக்குத் திருப்தி இருந்தது என்றும் சொன்னார். பக்கத்தில் நின்ற அதிகாரிகளுக்குத் தர்மசங்கடம்.

இதை வாசித்தபோது எனக்கும் முதலில் அருவருப்பாக இருந்தது. பிறகு யோசித்தேன். இருபது வயதுப் பெடியன் ஒரு மனிதனின் முகத்தை அவ்வளவு கிட்டவாகக் கண்டிருக்கிறான். அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். எங்கட வீட்டு நிகழ்ச்சிகளில் இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் ஒரே சம்பவத்தை, ஒரே சொற்களில், சிரித்துச் சிரித்துச் சொல்லுகிற ஆட்களை நாங்கள் கண்டதில்லையா? அந்தச் சிரிப்பைப் பார்த்து, இவர் அதை மறந்துவிட்டார் என்று யாரும் நினைப்பதில்லை.

பிறகு அவர் திரும்பவும் யுத்தத்துக்குப் போனார். 1943இல் கனடிய விமானப் படை, முன்பு படிப்புக் காணாது என்று அனுப்பிய அதே படை, அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் கட்டுப்பாட்டுக்கு அடங்கவில்லை. ஆபத்தான முறையில் பதிந்து பறந்து மேலதிகாரிகளோடு பிரச்சினைப்பட்டார். 1944இல் விடுவித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அமெரிக்கப் படையைக் கேட்டார், அவர்களும் எடுக்கவில்லை. கல்யாணம் கட்டினார், அதுவும் நிலைக்கவில்லை. மால்டாவில் இருந்த அந்த மாதங்களைத் திரும்ப வாழக் கிடைத்தால் தன் ஆயுளில் பத்து வருடத்தைக் கொடுப்பேன் என்ற கருத்தில் அவர் சொன்னது பிரசித்தம். பட்டினியும் சாவும் நிறைந்த இடத்தைத்தான் அவர் ஏங்கினார்! அங்கே இருக்கும்போது மட்டும்தான் தான் யார் என்று அவருக்குத் தெரிந்தது.

1948இல் புதிதாக உருவான இஸ்ரேல் நாட்டின் விமானப் படைக்குப் போகச் சம்மதித்தார். அந்த ஆண்டு மே 20ஆம் திகதி றோம் நகர ஊர்பே விமானத் திடலில் அவர் ஓட்டிய நோர்ஸ்மன் விமானம் தரையிறங்கும்போது விழுந்து தீப்பற்றியது. அவரும் கூட இருந்தவரும் இறந்தார்கள். வயது 26. பின்னர் 1950இல் உடலை எடுத்துப்போய் ஹைபாவில் அடக்கம் செய்தார்கள்.

இதில் ஒரு தொழிலாளியாக என்னை உறுத்தியது ஒன்று உண்டு. நோர்ஸ்மன் விமானங்களைச் செய்தது நூர்டின் என்ற கொம்பனி. அதன் தொழிற்சாலை இருந்தது மொன்றியலில், அதே கார்ட்டியேவில் திடலில். பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்த பெடியன் வேலிக்கு வெளியே நின்று ஆசையோடு பார்த்த இடத்தில், எங்களைப் போன்ற கூலித் தொழிலாளர் ரிவெற் அடித்துச் செய்த விமான வகையில்தான் அவர் கதை முடிந்தது.

நோய்க்குப் பெயர் வைத்த கதை

பேர்லிங் ஒருவர் மட்டுமா? முதலாம் உலகப் போரின் "சிவப்புப் பிரபு" றிச்தோபனைப் பாருங்கள். ஜேர்மன் விமானி, 80 விமானங்களை வீழ்த்தியவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளிக் கோப்பை செய்வித்து அடுக்கினார். அறுபது கோப்பையோடு வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. 1917 ஜூலையில் தலையில் காயம் பட்டபின் ஆள் மாறிவிட்டார். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் மனம் சோர்ந்துபோய், ஒருவரையும் பார்க்க விரும்பாமல் அறைக்குள் அடைபட்டுக் கிடப்பதாக அவரே எழுதினார். 1918 ஏப்ரல் 21இல் இறந்தார். அவரைச் சுட்டவர் என்று அப்போது பெயர் வாங்கியவர் ஒட்டாவாவுக்குக் கிட்டிய கார்ல்டன் பிளேசைச் சேர்ந்த றோய் பிறவுண் என்ற கனடியர். தரையில் நின்ற படையினரின் குண்டுதான் பட்டது என்பதே இப்போது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. ஆனால் அன்று மேலே பறந்த பிறவுணும் வயிற்று நோயாலும் களைப்பாலும் உருக்குலைந்துதான் இருந்தார். சில நாட்களில் ஆஸ்பத்திரியில் படுத்தார். ஜூலையில் பறந்துகொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்து விபத்துக்குள்ளானார். வென்றவனும் தோற்றவனும் ஒரே வருத்தக்காரர்!

அந்த வருத்தத்துக்கு முதலாம் போரில் "ஷெல் அதிர்ச்சி" என்று பெயர் வைத்தார்கள். இரண்டாம் போரில், இனிப் பறக்க ஏலாது என்று சொன்ன பிரித்தானிய விமானப் படையினருக்கு "மன உறுதி இல்லாதவர்" என்று கோப்பில் எழுதி, நெஞ்சில் இருந்த சிறகுச் சின்னத்தையும் பறித்தார்கள். பக்கத்துக் கட்டில் வெறுமையாவதை ஒவ்வொரு இரவும் பார்த்தவனுக்குக் கிடைத்த மருந்து அவமானம். 1980இல்தான் அமெரிக்க மனநல வைத்தியர்கள் இதை ஒரு நோயாகத் தங்கள் கையேட்டில் சேர்த்தார்கள். எங்கட மொன்றியல் தீவின் மேற்கு முனையில் சென்ற் ஆன் டு பெல்வியூவில் 1917இல் பழைய படையினருக்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரி இருக்கிறது. பிற்காலத்தில் அங்கே இந்த மனக் காயத்துக்கென்றே தனிச் சிகிச்சையும் தொடங்கினார்கள். பேர்லிங்கின் காலத்தில் அப்படி ஒன்று இருக்கவில்லை.

எங்கட வானம்

இது வெள்ளைக்காரரின் கதை என்று நினைக்கவேண்டாம். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, காலியில் கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலினா விமானத்தின் கனடிய விமானி லெனாட் பேர்ச்சல், இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்திப் பிடித்தார்கள். அடுத்த நாள் உயிர்த்த ஞாயிறு, கொழும்பில் குண்டு. 9ஆம் திகதி திருகோணமலையில் குண்டு. சித்திரை பிறக்க நாலைந்து நாள்தான் இருந்தது. அந்த வருடம் வீட்டில் மருத்துநீர்கூட வைக்கவில்லை என்று என் அப்பம்மா சொல்லுவா.

அந்த ஜப்பானிய விமானங்களுக்குத் தலைமை தாங்கியவர் மிற்சுவோ புச்சிடா. பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்கும் அவர்தான் தலைமை. யுத்தம் முடிந்தபின் கமம் செய்துகொண்டு கசப்போடு இருந்தார். ஜப்பானில் குண்டு போட்டுப் பிடிபட்டு, சிறையில் சித்திரவதைப்பட்ட டிஷேசர் என்ற அமெரிக்கர் எழுதிய ஒரு துண்டுப்பிரசுரம் அவர் கைக்கு வந்தது. வெறுப்பை எப்படி விட்டேன் என்பதை டிஷேசர் அதில் எழுதியிருந்தார். 1950இல் இருவரும் சந்தித்தார்கள். பிறகு புச்சிடாவும் போதகராகி, பழைய எதிரிகளின் நாட்டிலேயே போய்ப் பேசினார். பேர்ச்சலோ 1945 வரை ஜப்பானியச் சிறைமுகாம்களில் மற்றக் கைதிகளுக்காக அடிவாங்கி, 2004 வரை வாழ்ந்தார்.

இவர்கள் எந்தச் சமயம் என்பது அல்ல இங்கே விசயம். செய்ததையும் தங்களுக்குச் செய்யப்பட்டதையும் மனம்விட்டுச் சொல்ல அவர்களுக்கு ஆள் கிடைத்தது. பேர்லிங்குக்கு மேடை கிடைத்தது, மாலை கிடைத்தது, கைதட்டல் கிடைத்தது. பக்கத்தில் இருந்து கேட்க ஒருவர் கிடைக்கவில்லை. அவர் தரையில் தோற்றது இதனால்தான் என்பது என் அபிப்பிராயம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். 1995 ஜூலை 9இல் நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் மேல் விமானப் படை குண்டு போட்டு 120க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, விமானிக்கும் மனக்கஷ்டம் இருந்திருக்கும் என்று சொல்வது ஒரு பதிலாகாது. நானும் அதைச் சொல்ல வரவில்லை. பிற்காலத்தில் இந்தப் பக்கமும் வானத்தில் ஏறியது. 2009 பெப்ரவரி 20ஆம் திகதி இரவு கொழும்புக்குப் போன இரண்டு சிறிய விமானங்களில் ஒன்றும் திரும்பவில்லை. ஓட்டிப்போன இருவரும் தாய் பெற்ற பிள்ளைகள். அன்று இருட்டில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு மேலே பார்த்தவர்களும் தாய்மார்தான்.

எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். சண்டையில் நின்றவர்கள், சண்டைக்குள் அகப்பட்டவர்கள், பேஸ்மென்றில் தனிய இருந்து குடிப்பவர்கள், நித்திரையில் கத்துபவர்கள். அவர்களை "விசர்" எண்டு சொல்லி ஒதுக்காதீர்கள். வீரன் எண்டு மேடையில் ஏற்றிவிட்டும் போகாதீர்கள். ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள். ஏலாவிட்டால் உங்கள் பகுதி சி.எல்.எஸ்.சி.க்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 811ஐ அழுத்தி 2ஐ அழுத்தினால் மனக் கஷ்டத்துக்குக் கதைக்க ஆள் இருக்கிறது. நான் போயிருக்கிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தக் கட்டுரையை எழுத முன்னர் ஊருக்கு எடுத்து அம்மாவிடம் கேட்டேன், "அண்டைக்குப் பங்கருக்குள்ளை அப்பிடிச் சொன்னீங்களே, ஞாபகம் இருக்கோ?" எண்டு. "நான் அப்பிடியே சொன்னனான்?" எண்டு கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "நீ இப்ப ஒழுங்காய்ப் படுக்கிறனியோ?" எண்டா.

இந்தச் சித்திரையில் எல்லா வீட்டிலும் எல்லாரும் நிம்மதியாகப் படுத்து எழும்பவேண்டும் என்று வேண்டி, மலர் வாசகர்கள் அனைவருக்கும் என் புத்தாண்டு வாழ்த்துக்கள்.